வெற்றுத் தோட்டாவின் வரலாறு

கௌஹாத்தியில் வாழும் தமிழர்க்குச் சாந்த்மாரி என்னும் பெயர் புதிதன்று. காங்டாக்கிலும் அப்பெயருடைய பகுதி ஒன்று உண்டு. ஐஸ்வாலில் அதுவே சான்மாரி என்று திரிந்து வழங்குகிறது. வட நாட்டிலும் கீழ்நாட்டிலும் பட்டாளம் தங்கியிருந்த ஊர்கள் பலவற்றில் இப்பெயரைக் கேட்கலாம். பேருந்தில் சீட்டு வாங்கும்போது நாம் சொல்லும் இச்சொல்லின் பொருள் யாது? 'சாந்த்' என்பது சந்திரன். 'மாரி' என்பது அடித்தல். சந்திரனை யார், எதற்காக அடித்தார்கள்? பெரிய மண்மேடு ஒன்றை எழுப்பி, அதன் முன்னே வெள்ளை வட்டத் தட்டு ஒன்றை நாட்டி, அதனைக் குறியாக வைத்துப் பட்டாளத்தார் துப்பாக்கி பழகினர். அந்த வெள்ளைத் தட்டே சந்திரன். இன்று மண்மேடுகள் பல கரைந்துவிட்டன. அவை இருந்த இடத்தில் கடைகளும் வீடுகளும் வந்துவிட்டன. பெயர் மட்டும் கரையவில்லை.

சந்திரனை அடித்தவர்களைப் பற்றி எழுதியவர் பலர். அடித்து முடித்தபின் கீழே கிடந்த வெற்றுத் தோட்டாவைப் பற்றி எழுதியவர் சிலரே. அமெரிக்காவில் குறி சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர் அந்தப் பித்தளைக் கூட்டைக் குனிந்து பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். வீட்டில் அதற்குப் புதிய மருந்தும் குண்டும் இட்டு மீண்டும் சுடுகிறார். நம் நாட்டிலும் அதே கூட்டைப் பொறுக்குகிறார்கள். ஆனால் எண்ணிக் கணக்கில் எழுதி அலுவலகத்தில் ஒப்படைப்பதற்காக. ஒரே பொருளுக்கு இரு நாடுகளில் இரு வேறு கதி நேர்ந்தது ஏன் என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். மொழிபெயர்ப்பிலேயே காலம் கழிக்கும் நமக்கு அந்தப் பழக்கம் எளிதில் விடாது. இந்தியில் தோட்டாவைக் கார்த்தூஸ் என்பர். போர்ச்சுகீசியர் கொண்டுவந்த 'கார்ட்டூச்சோ' என்னும் சொல்லின் திரிபு அது. அதன் வேர் இத்தாலி மொழியில், காகிதச் சுருள் என்னும் பொருளில் இருக்கிறது. நம் ஊர்ப் பெட்டிக்கடையில் கடலை மடித்துத் தரும் காகிதப் பொட்டலத்துக்கும் இதற்கும் பொருள் அளவில் உறவு உண்டு என்று கூறினால் மிகையாகாது. தோட்டா என்பது தொடக்கத்தில் பொட்டலமே: ஒரு முறை சுடுவதற்கு வேண்டிய மருந்தும் ஈயக் குண்டும் ஒன்றாக மடிக்கப்பட்ட காகிதப் பொட்டலம்.

அப்பொட்டலம் வருவதற்கு முன் சுடுபவர் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே மருந்து அளந்தவர்தாம். திரித் துப்பாக்கியின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, குண்டை இட்டு, கம்பியால் இடித்து, திரியில் தீ வைத்துக் காத்திருக்க வேண்டும். மருந்து சிறிது குறைந்தால் குண்டு குறிக்கு முன்னே விழும். மிகுந்தால் குழலே வெடிக்கும். எனவே குறி தவறாமை என்பது கண்ணை மட்டும் சார்ந்ததன்று, அளக்கும் கையையும் சார்ந்தது. அக்பர் சக்கரவர்த்தி தம் துப்பாக்கிகளுக்குப் பெயரிட்டு வழங்கினார். 'சங்கிராம்' என்பது அவர் மிக விரும்பிய துப்பாக்கி. அந்த ஒரு துப்பாக்கியால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் வீழ்த்தப்பட்டன என்று அபுல் பசல் தம் அயினி அக்பரியில் கணக்குக் காட்டுகிறார். சுட்டதற்குக் கணக்கு வைக்கும் வழக்கம் இந்நாட்டில் அன்றே இருந்தது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். சித்தூர் முற்றுகையின்போது கோட்டைத் தலைவர் ஜெயமல் இறந்ததும் சங்கிராமின் குண்டினாலேயே என்பது மொகலாய வரலாற்றாசிரியர் கூற்று.

இனி, இந்தியச் சரித்திரத்தில் தோட்டா என்றவுடன் நினைவுக்கு வரும் ஆண்டைப் பார்ப்போம். 1857 தொடக்கத்தில் கல்கத்தாவுக்கு அடுத்த டம்டம், பஞ்சாபில் அம்பாலா, சியால்கோட் ஆகிய மூன்று இடங்களில் சிப்பாய்களுக்குப் புதிய என்பீல்டு துப்பாக்கியில் பயிற்சி தரப்பட்டது. இதன் குழலினுள்ளே புரி வெட்டியிருந்தது. குண்டு அப்புரியைப் பற்றிக்கொண்டு சுழன்று வெளிவந்ததால் பழைய துப்பாக்கியைவிடப் பன்மடங்கு தொலைவில் குறி தப்பாமல் சென்றது. ஆனால் புரியைப் பற்றும் அளவுக்கு இறுக்கமான குண்டு, மசகு இல்லாமல் குழலில் இறங்காது. ஆகவே தோட்டாக் காகிதத்தின் ஒரு முனைக்குக் கொழுப்புத் தடவினர். சிப்பாய் மறு முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டைக் காகிதத்தோடு சேர்த்து உள்ளே இடிக்க வேண்டும். அக்கொழுப்பு பசுவினுடையது, பன்றியினுடையது என்ற செய்தி பரவியது. அதன்பின் நிகழ்ந்தவற்றை நேயர்கள் பள்ளியிலேயே படித்திருப்பார்கள். மார்ச்சு 29-இல் பாரக்பூரில் மங்கள் பாண்டே. ஏப்ரல் 24-இல் மீரட்டில் தோட்டாவைத் தொட மறுத்த 85 குதிரைப் படையினர். மே 10-இல் கிளர்ச்சி.

பாடநூல்கள் விரிவாகக் கூறாத செய்தி ஒன்று உண்டு. ஜனவரி இறுதியிலேயே அதிகாரிகள் ஒரு மாற்று வழியை அனுமதித்தார்கள். தோட்டாவை மசகில்லாமல் கொடுத்துவிடுவது; சிப்பாய்கள் தங்களுக்கு உகந்த தேன்மெழுகையும் எண்ணெயையும் கடைத்தெருவில் வாங்கித் தாங்களே தடவிக்கொள்வது. அதாவது, தோட்டா முடிவு பெறுவது சுடுபவன் கையிலேயே என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அதற்குள் ஐயம் மசகிலிருந்து காகிதத்துக்குத் தாவிவிட்டது; காகிதத்தின் பளபளப்பிலேயே கொழுப்பு இருக்கிறது என்றார்கள். மீரட்டில் அன்று நீட்டப்பட்டவை பழைய வகைத் தோட்டாக்களே என்று வரலாற்றாசிரியர் கூறுவர். அதனால் பயன் என்ன? பிறர் செய்து கொடுத்த பொருளை நம்ப வேண்டும் என்றால், செய்தவனை நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை அன்று இல்லை. தோட்டாவின் வரலாறு முழுவதையும் 'இதைச் செய்தவர் யார், உள்ளே என்ன வைத்தார்' என்னும் ஒரு வினாவாகச் சுருக்கிவிடலாம் என்பது நம் கருத்து.

வியப்பான ஒற்றுமை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். மீரட்டில் காகிதத் தோட்டா கலகம் விளைத்த அதே 1857-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனத்தார் .22 அங்குலச் சிறு உலோகத் தோட்டா ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். சுண்டு விரலின் முதல் கணுவைவிடச் சிறியது. காகிதம் இல்லை, கடிக்க வேண்டியதில்லை, வெளியே மசகிட வேண்டியதில்லை. இச்சிறு தோட்டாவின் வழித்தோன்றலே பிற்காலத்தில் உலகெங்கும் குறி சுடும் பந்தயங்களின் அடிப்படை ஆயிற்று. அதற்குப் பின்னர் வருவோம்.

உலோகத் தோட்டா பெருகியபோது நான்கு உறுப்புகள் நிலைபெற்றன: பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் தீப்பொறி எழும் மூடி, உள்ளே மருந்து, வாயில் குண்டு. மூடியைக் கேப்பு என்று நம் நாட்டு வேட்டைக்காரர் கூறுவது வழக்கம். சுட்டவுடன் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், கேப்பு நசுங்கிவிடும். கூடு மட்டும் நிற்கும். நான்கில் விலை மிகுந்ததும் உழைப்பு மிகுந்ததும் அதுவே. அதை எறிந்துவிடுவதா என்ற கேள்வி சிக்கனக்காரர் மனத்தில் எழாமல் இருக்குமா?

கேப்பை அமைக்கும் முறையை 1866-ஐ ஒட்டி இருவர் வகுத்தனர். ஒருவர் இங்கிலாந்தில் ஊலிச் ஆயுதசாலையைச் சேர்ந்த பாக்ஸர். மற்றவர் அமெரிக்கரான பெர்டன். கேப்பை நசுக்க ஒரு பட்டடை வேண்டும். பாக்ஸர் அப்பட்டடையைக் கேப்பினுள்ளேயே வைத்தார். கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை. பெர்டன் பட்டடையைக் கூட்டின் பகுதியாகவே செய்தார். பக்கத்தில் இரு சிறு துளைகள். பார்ப்பதற்கு அற்ப வேறுபாடு. ஆனால் பாக்ஸர் முறையில், சுட்ட கூட்டின் உள்ளே ஓர் ஊசியை இறக்கித் தட்டினால் பழைய கேப்பு வெளியே வந்துவிடும். பெர்டன் முறையில் அது எளிதன்று. விதியின் விளையாட்டைப் பாருங்கள்: ஆங்கிலேயர் கண்ட முறை அமெரிக்காவில் வேரூன்றிற்று; அமெரிக்கர் கண்ட முறையை ஐரோப்பிய நாடுகள் ஏற்றுக்கொண்டன. ஆங்கிலேயரின் .303 பட்டாளத் தோட்டாவும் பெரும்பாலும் பெர்டன் முறையிலேயே செய்யப்பட்டது. பட்டாளத்துக்கு அதனால் குறைவில்லை. பட்டாளம் கூட்டை மீண்டும் நிரப்புவதில்லை. குடிமகன் வீட்டில் நிரப்புவது அமெரிக்காவில் தழைத்ததற்கு இச்சிறு துளையும் ஒரு காரணம்.

பெரிய காரணம் தொலைவு. மேற்குச் சமவெளியில் எருமை வேட்டையாடியவர்களுக்குத் தோட்டாக் கடை பல நாள் வழி. ஈயக் கட்டியும் மருந்துப் பீப்பாயும் கேப்புப் பெட்டியும் வண்டியில் ஏற்றிச் சென்று, இரவில் நெருப்பருகே அமர்ந்து மறுநாளைக்கு வேண்டிய தோட்டாக்களைத் தாமே செய்துகொண்டனர். 1884-இல் ஜான் பார்லோ என்பவர் 'ஐடியல்' என்ற பெயரில் இதற்கென்றே கைக்கருவி செய்து விற்கத் தொடங்கினார். பாக்குவெட்டி போன்று இரு கைப்பிடி உள்ள ஓர் இடுக்கி. அதிலேயே குண்டு வார்க்கலாம், கேப்பு ஏற்றலாம், குண்டைப் பொருத்தலாம்.

சிக்கனத்துக்காகத் தொடங்கியது துல்லியத்துக்காக நிலைத்தது. இதன் இரகசியம் பித்தளையின் இயல்பில் இருக்கிறது. சுடும்போது எழும் அழுத்தத்தால் கூடு விரிந்து, அந்தத் துப்பாக்கியின் அறைச் சுவரை ஒட்டிக்கொள்கிறது. பின் சிறிதே சுருங்கி வெளிவருகிறது. தையற்காரன் அளவெடுத்துத் தைத்த சட்டை போல, ஒரு முறை சுட்ட கூடு அந்த ஒரு துப்பாக்கிக்கு மட்டும் கச்சிதமாகப் பொருந்தும். தொழிற்சாலைத் தோட்டா எல்லாத் துப்பாக்கிக்கும் பொதுவான ஆயத்த உடை. மருந்தின் எடையிலும் இவ்வாறே. மருந்தை நிறுக்கும் அலகு கிரெயின். ஒரு பவுண்டுக்கு 7,000. நம் ஊர்ப் பொற்கொல்லர் தராசில் வைக்கும் குன்றிமணி ஒன்று ஏறக்குறைய 2 கிரெயின் எடை இருக்கும். அந்தக் குன்றிமணியைப் பத்தில் ஒரு கூறாகப் பகுத்து நிறுப்பவர்கள் இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள். பொற்கொல்லரின் பட்டறையில் காணும் அமைதியை இவர்கள் அறையிலும் காணலாம் என்பர். அமைதி தவறினால் ஆபத்து. மருந்து இருமுறை விழுந்த தோட்டா துப்பாக்கியையும் பிடித்தவரையும் சேர்த்து அழிக்கும்.

பிராங்க்ளின் மான் என்றொரு மருத்துவர் இருந்தார். ஒரே துப்பாக்கி, ஒரே மருந்து, ஒரே குண்டு. ஆயினும் இரு குண்டுகள் ஒரே துளையில் போகாதது ஏன் என்ற கேள்வியைப் பல ஆண்டுகள் விடாமல் ஆராய்ந்து 1909-இல் ஒரு பெரு நூலாக வெளியிட்டார். ஹாரி போப் என்ற குழல் வல்லுநரின் முறையோ இன்னும் விசித்திரமானது: பந்தயம் முழுவதையும் ஒரே கூட்டை வைத்துக்கொண்டு முடிப்பது. சுட்ட ஒவ்வொரு முறையும் அதே கூட்டுக்கு மருந்திட்டு, குண்டை மட்டும் குழல் வாய் வழியே இறக்குவது. கூட்டுக்குக் கூடு வேறுபாடு என்ற பேச்சுக்கே இடமில்லை அல்லவா! இரண்டாம் உலகப் போரின்போது குண்டுக்குப் பஞ்சம் வந்தது. கலிபோர்னியாவில் பிரெட் ஹன்டிங்டன் என்பவர், எறியப்பட்ட .22 தோட்டாக்களின் வெற்றுக் கூடுகளைக்கொண்டே வேறு குண்டுகளுக்கு மேலுறை செய்யும் அச்சு ஒன்றை 1943-இல் அமைத்தார். அதிலிருந்து வளர்ந்த ஆர்.சி.பி.எஸ். என்னும் நிறுவனம், வீட்டில் தோட்டா நிரப்புவோர்க்கு வேண்டிய கருவிகளைச் செய்வதில் பெயர் பெற்றது.

இங்கிலாந்தில் குறி சுடுதல் வேறு வழியில் வளர்ந்தது. 1860 ஜூலையில் விம்பிள்டன் வெளியில் தேசிய ரைபிள் சங்கத்தின் முதல் பந்தயம் நடந்தபோது விக்டோரியா அரசியே முதல் குண்டைச் சுட்டார். துப்பாக்கியைத் தாங்கியில் அசையாமல் பொருத்திக் குறி பார்த்து வைத்திருந்தார்கள். அரசியார் செய்தது பட்டுக் கயிற்றை இழுத்தது மட்டுமே. குண்டு 400 கஜத் தொலைவிலிருந்த நடுப்புள்ளிக்கு அருகிலேயே பட்டது. 1890-இல் பந்தயக் களம் பிஸ்லி என்னுமிடத்துக்கு மாறியது.

அப்பந்தயங்களில் நம்மவர் பெயர் தாங்கிய கோப்பை ஒன்று உண்டு. கோலாப்பூர் அரசர் இரண்டாம் இராஜாராம் 1870-இல் இங்கிலாந்து சென்றார். அவர் அளித்த வெள்ளிக் கோப்பைக்காக ஆங்கிலேயப் பேரரசின் பல நாட்டு அணிகள் 1871 முதல் போட்டியிட்டன. அரசர் தம் கோப்பைக்கான பந்தயத்தைக் காண உயிருடன் இல்லை. திரும்பும் வழியில் 1870 நவம்பர் 30-இல் இத்தாலியில் பிளாரன்ஸ் நகரில் தமது 20-ஆம் வயதிலேயே காலமானார். அவருடலை எரித்த ஆற்றங்கரையில் நினைவு மண்டபம் உண்டு. அருகிலுள்ள பாலத்துக்கு இந்தியன் பாலம் என்றே பெயர்.

இந்திய அரசர் கொடுத்த கோப்பைக்காக ஆங்கிலேயர் போட்டியிட்ட அதே காலத்தில் இந்தியக் குடிமகன் நிலை என்ன? 1857-க்குப் பின் ஆட்சியாளர் மக்களிடமிருந்த ஆயுதங்களைத் தேடித் தேடிப் பறித்தனர். 1878-இல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டம், உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கலாகாது என்றது. விதிகளோ ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தன. இரயில்வேயிலும் தேயிலைத் தோட்டங்களிலும் இருந்த வெள்ளையர் தொண்டர் படைகளில் சேர்ந்து ஞாயிறுதோறும் குறி சுட்டுக் கோப்பைகள் வென்றனர். இந்தியருக்கு அவற்றில் பொதுவாக இடமில்லை. 1887 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபை இச்சட்டத்தை எதிர்த்துத் தீர்மானம் கொண்டுவந்தது. இளைஞரான விபின சந்திர பாலர் அதைப் பற்றி முழங்கினார். அவர் கேட்டது விளையாட்டுக்கு அனுமதி அன்று. இந்தியனை நம்பத் தகாதவன் என்று சட்டம் கூறுவதை நீக்க வேண்டும் என்பது. 1857-இல் சிப்பாய் அரசாங்கத்தை நம்பவில்லை; 1878-இல் அரசாங்கம் குடிமகனை நம்பவில்லை.

இதற்கு விலக்காக நின்றது குடகு நாடு. மைசூர்ப் பகுதியில் வாழும் தமிழர் இதை நன்கு அறிவர். ஆங்கிலேயர் காலத்திலேயே குடகருக்கு ஆயுத உரிமத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. விடுதலைக்குப் பின்னும் அது தொடர்ந்தது. 2019-இல் மத்திய அரசு அதனைப் 2029 வரை நீட்டித்தது. நாற்று நடவு முடிந்தபின், செப்டம்பர்த் தொடக்கத்தில் கைல்போத் என்னும் திருநாள் வரும். துப்பாக்கியும் வாளும் துலக்கிப் பூவிட்டு வணங்கப்படும். பின் ஊர் வெளியில் உயர்ந்த மரத்தின் உச்சியில் தேங்காயைக் கட்டிச் சுடுவார்கள். நம் ஊரில் வழுக்கு மரம் ஏறுவதும் உறியடிப்பதும் போன்றதே அது. கழி இருக்கும் இடத்தில் துப்பாக்கி. இரட்டைக் குழல் துப்பாக்கியைத் தாத்தாவிடமிருந்து பேரன் பெறுகிறான். பந்தயம் என்றும் கழகம் என்றும் பெயர் வருவதற்கு முன்பே இந்நாட்டில் குறி சுடுதல் பொழுதுபோக்காக இருந்த இடம் என்றால், நாம் முதலில் குடகையே சுட்டுவோம்.

விடுதலைக்குப் பின் 1951-இல் இந்திய தேசிய ரைபிள் சங்கம் தோன்றியது. அதன் முதல் தலைவர் யார் என்று கேட்டால், தளபதி ஒருவரையோ மகாராஜா ஒருவரையோ நேயர்கள் நினைக்கக்கூடும். அவர் கதர் உடுத்திய காந்தியவாதி. பின்னர் மக்களவையின் முதல் சபாநாயகராக விளங்கிய ஜி. வி. மவ்லங்கர். குடிமகன் துப்பாக்கி பழகுவதை இனி ஐயத்தோடு பார்க்க வேண்டியதில்லை என்பதற்கு இதனைவிடத் தெளிவான அறிகுறி வேண்டுமோ? அகில இந்தியத் தகுதிப் பந்தயம் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று.

மகாராஜாவும் பின்னே வந்தார். பிகானேர் கர்ணி சிங், 1952 முதல் 1977 வரை மக்களவை உறுப்பினர். ஐந்து ஒலிம்பிக் பந்தயங்களில் கலந்துகொண்டவர். 1961-இல் அர்ஜுனா விருது பெற்றவர். 1962-இல் கெய்ரோவில் நடந்த உலகப் பந்தயத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றவர். அவர் ஆடிய ஆட்டத்தில் பொறி ஒன்று வானில் எறியும் வட்டத் தட்டைப் பறக்கும்போதே உடைக்க வேண்டும். களிமண் புறா என்று பெயர்; இப்போது அது களிமண்ணும் அன்று, புறாவும் அன்று; கீலும் சுண்ணாம்புத் தூளும் கலந்த தட்டு. 1900-இல் பாரிசில் உயிருள்ள புறாக்களையே சுட்டார்கள். அந்த வழக்கம் ஒழிந்தது நன்றே. 1978-இல் பாங்காக் ஆசியப் பந்தயத்தில் இரண்தீர் சிங் இதே ஆட்டத்தில் தங்கம் வென்றார். இருவரும் அரச குடும்பத்தினர் என்பது தற்செயல் அன்று. பறக்கும் தட்டைப் பழகுவதற்கு ஆயிரக்கணக்கில் தோட்டா வேண்டும்.

தோட்டாவோ எளிதில் கிடைக்கும் பொருளாக இல்லை. 1959-இல் நாடாளுமன்றம் பழைய சட்டத்தை நீக்கிப் புதிய ஆயுதச் சட்டம் இயற்றியது. அது 1962 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இனத்தால் வேறுபாடு இல்லை. ஆனால் கண்டிப்பு இருந்தது. தோட்டாவின் உறுப்புகளும், தோட்டா செய்யும் பொறியும்கூடச் சட்டத்தின் சொல்லுக்குள் அடங்கின. செய்வதற்கு உரிமம் வேண்டும். துப்பாக்கி உரிமத்திலோ ஆண்டுக்கு இத்தனை தோட்டா என்று எழுதப்பட்டிருக்கும். புனாவுக்கு அருகே 1869 முதல் இயங்கிவந்த கிர்க்கித் தொழிற்சாலையின் 'கே. எப்.' முத்திரையிட்ட தோட்டாவே பெரும்பாலோர்க்குக் கிட்டியது. தேர்ந்த வீரர்கள் மட்டும் சங்கத்தின் பரிந்துரையோடு வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம்.

தேசிய மாணவர் படையில் இருந்த நேயர்களுக்கு இக்கண்டிப்பின் சுவை தெரியும். முழங்கை உராயப் படுத்து, ஐந்தோ பத்தோ குண்டு சுட்டபின், ஹவில்தார் 'காலி கோக்கா' என்று குரல் கொடுப்பார். வெற்றுக் கூடுகளைப் புல்லில் தடவித் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தால் முழு அணியும் தேடும். குறியில் ஒன்றும் படாமல் போனால் சிரிப்போடு விடுவார்கள். கோக்கா குறைந்தால் விடமாட்டார்கள். இவ்வழக்கத்தைக் குறை கூறுவது நம் எண்ணம் அன்று. வெற்றுக் கூடு தவறான கைக்குப் போய் மீண்டும் நிரம்பினால் விளைவு என்ன என்பதை எண்ணிப் பார்க்கும் அரசாங்கம் அவ்வாறுதான் செய்யும். ஆனால் அமெரிக்கர் வீட்டில் மேசைமேல் வளர்ந்த அந்தப் பொறுமைக் கலை இங்கு வேரூன்றாததும், பழகுவோர் தொகை நெடுங்காலம் பட்டாளத்தார், காவல் துறையினர், செல்வர் என்னும் மூவகையினரைத் தாண்டிப் பெரிதும் பெருகாததும் இக்கண்டிப்பின் மறுபக்கம்.

இந்நிலையை மாற்றியது தோட்டாவே இல்லாத ஒரு துப்பாக்கி. சென்னைக் கடற்கரையில் பலூன் சுட்டிருப்போர் அதன் ஏழை உறவினரைக் கையில் பிடித்தவர்களே. காற்றுத் துப்பாக்கியில் மருந்து இல்லை, கேப்பு இல்லை, கூடு இல்லை. அரைக் கிராம் எடையுள்ள ஈயத் துண்டு ஒன்றே. 4.5 மில்லிமீட்டர் அளவும் வரம்புக்குட்பட்ட ஆற்றலும் உடையதற்கு உரிமம் தேவையில்லை. பத்து மீட்டர் நீளமுள்ள கூடம் இருந்தால் களம் ஆயிற்று. 1984-இல் ஒலிம்பிக்கில் இது சேர்க்கப்பட்டது. குறியின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். எழுதுகோல் வைத்த புள்ளி அளவு. 2008 ஆகஸ்டு 11-இல் பீஜிங்கில் அபினவ் பிந்திரா 700.5 புள்ளி பெற்று, இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்றது இவ்வாட்டத்திலேயே. நான்காண்டுக்குப் பின் இலண்டனில் வெண்கலம் பெற்ற ககன் நாரங் சென்னையில் பிறந்து ஐதராபாத்தில் வளர்ந்தவர். பாரிசில் 2024-இல் மனு பாக்கர் தனியாகவும், சரப்ஜோத் சிங்குடன் இணைந்தும் பெற்ற இரு வெண்கலங்களும் காற்றுக் கைத்துப்பாக்கிக்கு உரியவை.

தமிழ்ச் செய்தி இல்லாமலும் இல்லை. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்தவர் இளவேனில் வாலறிவன். 2019-இல் இரியோ டி ஜெனிரோவில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயத்தில் காற்றுத் துப்பாக்கியில் தங்கம் வென்றார். தோக்கியோவிலும் பாரிசிலும் ஒலிம்பிக் இறுதிச் சுற்றுக்குள் செல்ல அவருக்கு இயலவில்லை. ஆயினும் அயல்நாட்டு அறிவிப்பாளர் ஒவ்வொருவரும் தடுமாறித் தடுமாறி அந்த அழகிய தமிழ்ப் பெயரை உச்சரிப்பதைக் கேட்கும்போது, குஜராத்திலும் பிற இடங்களிலும் குடியிருக்கும் நமக்கு ஏற்படும் மகிழ்ச்சி தனி. பெட்டிக்குள் அடங்கும் காற்றுத் துப்பாக்கி இல்லாதிருந்தால், அவரைப் போன்ற இளம்பெண்ணுக்கு இவ்வாட்டத்தின் கதவு அத்தனை எளிதில் திறந்திருக்காது. அதற்கு முன், 1998-இல் கோலாலம்பூர் காமன்வெல்த் பந்தயத்தில் .22 துப்பாக்கியால் தங்கம் வென்ற சென்னை ரூபா உன்னிகிருஷ்ணனின் சாதனை இதனினும் அரிது. அவர் தோட்டாத் தேவைப்படும் ஆட்டத்தில் வென்றவர்.

அந்த .22 தோட்டாவைப் பற்றிக் கூற வேண்டியது ஒன்று மீதி இருக்கிறது. தனிக் கேப்பு அதற்குக் கிடையாது. தீப்பற்றும் பொருள் கூட்டின் விளிம்பினுள்ளேயே பூசப்பட்டிருக்கும். சுட்டால் விளிம்பு நசுங்கிவிடும். ஆகவே எத்தனை பொறுமைசாலியும் அதை வழக்கமான முறையில் மீண்டும் நிரப்ப முடியாது. ஒவ்வொன்றையும் விலை கொடுத்தே வாங்க வேண்டும். பாரிசில் 2024 ஆகஸ்டு 1-இல், மூன்று நிலைகளில் 50 மீட்டர் தொலைவு சுடும் போட்டியில் 451.4 புள்ளியோடு வெண்கலம் வென்ற சுவப்னில் குசாலே, அப்போது மத்திய இரயில்வேயில் பயணச்சீட்டுப் பரிசோதகர். மகன் பழகுவதற்குத் தோட்டா வாங்கவே தந்தை கடன்பட நேர்ந்தது என்று அந்நாளில் நாளேடுகள் எழுதின. அவருடைய சொந்த ஊர் காம்பள்வாடி, கோலாப்பூர் மாவட்டத்தில் உள்ள சிற்றூர்.